ஏழாம் கட்டிலுக்கான ஊசி

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் அன்று தேவிப்பிரியாவுக்கு ஜன்னலோரமாகவே இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் காலை நர்ஸ் டூட்டி முடிந்து, யூனிஃபார்மை மாற்றி, பிரிக்காத டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்து ஏறியிருந்தாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

காடுவெட்டிப் பாலத்துக்கு முன்னால் ஒரு பூக்கார அம்மாள் ஏறினாள். உட்கார இடமில்லை. கூடையைக் காலடியில் வைத்துவிட்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் குலுங்கியதில் தேவிப்பிரியா கண்ணைத் திறந்தபோது அந்தக் கை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. முன்கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. புள்ளி வைத்துப் போட்ட கோலம் போல ஒன்று. அதன் கீழே வெளுத்துப்போன ஒரு தேள்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

இதே மாதிரி ஒரு கையை இன்றைக்குப் பிடித்தேனே. ஊசி போடும்போது அசையாமலிருக்க முன்கையைப் பிடித்துக்கொண்டு, மேல்கையில் பஞ்சால் துடைத்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே பச்சை இருந்தது. யார் கை அது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வார்டில் இன்சுலின் போட்டது ஒரே ஒருத்திக்குத்தான். ஏழாம் கட்டில் சுசீலா. கணவர் ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருக்கிறார், குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சர்க்கரை ஏறி, காலில் புண்ணோடு வந்து சேர்ந்தவள். ஊசியைப் பார்த்தாலே, "மெதுவா குத்துங்க, நேத்துப் போட்ட எடம் இன்னும் வலிக்கி" என்பாள். சதைப்பிடிப்பான, வெள்ளை வெளேரென்ற கை. அதில் பச்சை கிடையாது.

பச்சை குத்திய கை பக்கத்து எட்டாம் கட்டில்காரி முத்தம்மாளுடையது. பாரிவாக்கத்தில் காலங்காலமாகப் பயிர் வைத்த குடும்பம். பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோயே இல்லை.

தேவிப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லை, நான் கேட்டேன். "சுசீலாம்மாதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், போர்வையை முக்காடாகப் போட்டிருந்தவள், தலையை ஆட்டினாள். கட்டில் ஏழு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஃபைல் சுசீலாவுடையது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் முத்தம்மாளுக்குக் காது சரியாகக் கேட்காது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். சாப்பிட்டீங்களா என்றாலும் ஆட்டுவாள், வலிக்குதா என்றாலும் ஆட்டுவாள். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு மேல் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டு அவள் திரும்பியபோது, ஆயா அஞ்சலை ஏதோ சொன்னாள். ஏசிக் காற்று நேராக அடிக்கிறது, முத்தம்மா பாட்டி குளிருது என்கிறது, சுசீலாம்மா புழுங்குது என்கிறது என்று. தேவிப்பிரியா புது அட்மிஷன் ஒன்றின் அவசரத்தில், "சரி, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன பண்ணினார்கள் என்று அப்புறம் அவள் பார்க்கவில்லை. இரண்டு பேரும் இடம் மாறிப் படுத்திருந்தால்? ஃபைல் மட்டும் கட்டிலோடு தங்கியிருந்தால்?

பஸ் பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. தேவிப்பிரியா போனை எடுத்து வார்டு லேண்ட்லைனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். மத்தியான டூட்டிக்கு வந்த சௌம்யாவின் செல்லைக் கூப்பிட்டாள். டூட்டி நேரத்தில் செல்லை லாக்கரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அங்கேதான் அடித்துக்கொண்டிருக்கும். ரிசப்ஷனுக்குப் போட்டாள். "லைன்ல இருங்க" என்றது ஒரு குரல். பாட்டு ஓடியது. கட்டாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற அந்த இன்சுலின் அரைமணியில் வேலையைத் தொடங்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சாப்பிட்ட உடம்பில் அது மருந்து. அரைத் தம்ளர் கஞ்சிகூடக் குடிக்காத உடம்பில் அது என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கண்டக்டர், நிறுத்துங்க. நான் எறங்கணும்."

"ஸ்டாப்பிங் இன்னும் வரலம்மா."

"எறங்கணும் சார்" என்றாள். எழுந்து படிக்கட்டுக்கே வந்துவிட்டாள். பூக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் என்ன நினைத்தாரோ, விசில் அடித்தார்.

எதிர்த்திசையில் வந்த ஷேர் ஆட்டோவைக் கையை நீட்டி மறித்தாள். உள்ளே ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னா சிஸ்டர், எதுனா எமர்ஜென்சியா?" அவள் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டான் டிரைவர்.

"ஆமாங்க. எங்கயும் நிக்காம போங்க. ப்ளீஸ்."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆட்டோ பறந்தது. செல் அடித்தது. சௌம்யாவாக இருக்குமோ என்று பாய்ந்து எடுத்தாள். அவள் கணவன் நாகேந்திரன். எடுக்காமல் கட் பண்ணினாள். லைன் காலியாக இருக்கட்டும். வார்டை மறுபடியும் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருவேளை நானே கற்பனை செய்கிறேனோ? தினமும் எத்தனை கையைப் பிடிக்கிறோம். காலையில் முத்தம்மாளுக்குக் டிரிப் ஏற்றக் கையில் போட்டிருந்த கேனுலாவைக் கழற்றியதும் நான்தான். அப்போது பார்த்த பச்சையாக இருக்கலாம். நேற்றும் இன்றும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கலாம். போய்ப் பார்த்தால் முத்தம்மாள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். சௌம்யா சிரிப்பாள். சிரிக்கட்டும். வார்டே சேர்ந்து சிரிக்கட்டும். அப்படி மட்டும் இருந்துவிட்டால் போதும்.

கேனுலாவைக் கழற்றியது நினைவு வந்ததும் இன்னொரு பயம் வந்து மேலே உட்கார்ந்தது. இப்போது முத்தம்மாளின் நரம்பில் ஊசி இல்லை. குளுக்கோஸ் ஏற்ற வேண்டுமென்றால் வழியே இல்லை. புதிதாகத் தேடிக் குத்த வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினாள். வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது லேண்ட்லைன் மேஜை மேல் அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாரோ. சௌம்யா வார்டின் அந்தக் கோடியில், புது அட்மிஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் கட்டிலில் சுசீலா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வீட்டுக்குப் போவலியா? இன்னிக்கு எனக்கு ஊசியே போடலியே, மறந்துட்டீகளா?" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

தேவிப்பிரியா திரும்பினாள். ஏழாம் கட்டிலில் போர்வை மூடிய உருவம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலில் முத்தம்மாளின் மகன் கஜபதி உட்கார்ந்திருந்தான். தண்ணி லாரி ஓட்டுகிறவன். செல்லில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"இன்னா சிஸ்டர், டூட்டி முட்ச்சிகினு போனீங்களே? அம்மா இப்பத்தான் நல்லா தூங்குது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. எயுப்பாதீங்க."

அவள் போர்வையை விலக்கினாள். முத்தம்மாளின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தலையணை நனைந்திருந்தது. ஏசி ஓடுகிற அறையில், போர்வை போர்த்தியிருந்தும் உடம்பு ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"அம்மா. முத்தம்மா. கண்ணத் தொறங்க." காதோரம் குனிந்து உரக்கச் சொன்னாள். தோளை உலுக்கினாள். இமைகள் லேசாகத் துடித்தன. வாய் எதையோ மென்றது. அவ்வளவுதான்.

"சௌம்யா!" அந்த வார்டில் அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "குளுக்கோமீட்டர் எடுத்துட்டு வா. டெக்ஸ்ட்ரோஸ் எடு. டாக்டரக் கூப்பிடு."

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டர் பட்டையில் வைத்தாள். மெஷின் ஓசையெழுப்பியது. முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

கஜபதி எழுந்து நின்றான். "இன்னா ஆச்சு சிஸ்டர்? இன்னா ஆச்சு அம்மாக்கு?"

"சர்க்கர ரொம்ப எறங்கிடுச்சு."

"சர்க்கரையா? அதுக்கு சர்க்கரையே இல்லியே." ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயைத் தம்ளரில் ஊற்றி, அம்மாவின் தலையைத் தூக்கப் போனான். "இனிப்பு தான வேணும், குடுக்கறேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயில எதுவும் ஊத்தாதீங்க. நெனவில்லாதப்ப ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

கையைக் கட்டி நரம்பைத் தேடினாள். வேர்த்துச் சில்லிட்ட கையில் நரம்பெல்லாம் எங்கோ உள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தது. ஒன்று தட்டுப்பட்டது. குத்தினாள். ரத்தம் வரவில்லை. இன்னொரு இடம். தோலுக்கடியில் வீங்கியது. எத்தனையோ குழந்தைகளுக்கு, எத்தனையோ வயதானவர்களுக்கு ஒரே குத்தில் போட்ட விரல்கள் அவளுடையவை.

"நீ தள்ளு, நான் பாக்கறேன்" என்றாள் சௌம்யா. அவள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தாள். அந்த நேரத்தில் முத்தம்மாளின் உடம்பு ஒருமுறை வெட்டியது. கை, கால், தாடை எல்லாம் சேர்ந்து இழுத்தது. கஜபதி "யம்மா" என்றான். தேவிப்பிரியா அவளை ஒருக்களித்துப் புரட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்குள்ளேயே சௌம்யா ஊசியை இறக்கினாள். குழாயில் சிவப்பு ஏறியது.

டெக்ஸ்ட்ரோஸ், அந்தச் சர்க்கரைத் தண்ணீர், உள்ளே போகப் போக தேவிப்பிரியா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. செத்துப்போகிறவர்களின் முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். அதில் எதற்கும் அவள் காரணமாக இருந்ததில்லை. இந்த முகம் இனி எப்போதும் கூடவே வரும் என்று தோன்றியது. வீட்டுக்கு வரும், அடுப்படிக்கு வரும், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பும்போது வரும்.

டியூட்டி டாக்டர் யூசுப் ஓடிவந்து நாடியைப் பிடித்தபோது, முத்தம்மாள் கண்ணைத் திறந்தாள். எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இன்னாத்துக்கு என்ன சுத்தி நிக்கிறீங்க?" என்றாள், காது கேளாதவர்களின் உரத்த குரலில்.

கஜபதி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

யூசுப் வார்டு மேஜைக்கு வந்தார். "டயபெட்டிக் இல்ல. ஆபரேஷன் ஆகி மூணாவது நாள். சாப்பிடலன்னா கொஞ்சம் எறங்கும், இவ்வளவு எறங்காது. இன்ஃபெக்ஷன் ஏதாவது இருக்கான்னு பாக்கணும். சர்க்கர ஏறிடுச்சுல்ல, அரைமணி கழிச்சு ஒருவாட்டி பாருங்க. நல்லா இருந்தா டிரிப்ப நிறுத்திடலாம்."

சௌம்யா தேவிப்பிரியாவைப் பார்த்தாள். தனக்கு ஊசி போடவில்லை என்று சுசீலா சௌம்யாவிடமும் சொல்லியிருந்தாள். டாக்டர் கை கழுவத் திரும்பியபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்தம்மா சாப்பிடல. அதனாலன்னே இருக்கட்டும். இப்பத்தான் நல்லாயிட்டாங்கல்ல."

சௌம்யா கெட்டவள் இல்லை. அவளுக்கும் பயம். தேவிப்பிரியாவுக்கு ஒரு நொடி அந்த வழி அகலமாக, வெளிச்சமாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியாது. சுசீலாவுக்கு மறந்துபோச்சு என்று இப்போது ஊசி போட்டுவிடலாம். வேலை தப்பும். பேர் தப்பும். அந்த மகன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே போன இன்சுலின் இன்னும் அந்த உடம்பில்தான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். டிரிப்பை நிறுத்தினால் மறுபடியும் இறங்கும். காரணம் தெரியாத டாக்டர் அந்த ஒரு தடவைக்கு மேல் பார்க்கச் சொல்லமாட்டார். முத்தம்மாள் அசந்து தூங்குகிறாள் என்று மகன் மறுபடியும் போர்வையை இழுத்து மூடுவான்.

"டாக்டர்" என்றாள். "அவங்களுக்கு இன்சுலின் போயிருக்கு. சுசீலாம்மாவுக்குப் போட வேண்டியது. நான்தான் போட்டேன். கட்டில் மாறிப் படுத்திருந்தாங்க. கையில பேர் எழுதிக் கட்டியிருந்த பட்டைய நான் பாக்கல. பேரச் சொல்லச் சொல்லியும் கேக்கல. சுசீலாம்மாதானேன்னு கேட்டேன், தலைய ஆட்டினாங்க."

யூசுப் கையைத் துடைக்காமலே நின்றார். "எத்தன மணிக்கு? எவ்வளவு?"

சொன்னாள்.

அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "டிரிப்ப நிறுத்தாதீங்க. அரைமணிக்கு ஒரு தடவ சர்க்கர பாக்கணும், ராத்திரி வரைக்கும். ஏழாம் கட்டில், எட்டாம் கட்டில், ரெண்டு பேருக்கும்" என்றார் சௌம்யாவிடம். பிறகு தேவிப்பிரியாவிடம், "அவங்க பையன்கிட்ட நான் சொல்றேன். நீங்க கூட வாங்க" என்றார்.

வராந்தாவில் வைத்துச் சொன்னார்கள். கஜபதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"பக்கத்து பெட்டு ஊசிய எங்கம்மாக்கு போட்டியா?"

"ஆமாங்க."

"பாத்து போடமாட்டியா?"

"பாத்திருக்கணும்."

அவன் கை மேலே எழுந்தது. யூசுப் குறுக்கே வந்தார். செக்யூரிட்டியைக் கூப்பிட ஆயா அஞ்சலை படியிறங்கி ஓடினாள். போன மாதம் கீழ்த்தளத்தில் ஒரு நர்சை நோயாளியின் ஆட்கள் முடியைப் பிடித்து இழுத்தது தேவிப்பிரியாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் நகரவில்லை. நகர முடியவில்லை. கஜபதியின் கை அவள் மேல் விழவில்லை. சுவரில் ஓங்கி அறைந்தது.

"ஊட்டுக்கு எங்க போற நீ? எங்கயும் போவக்கூடாது. எங்கம்மா கிட்ட ஒக்காரு. நீயே பாரு. மறுபடியும் எறங்குச்சுன்னா நீ இங்க இருக்கணும்."

"இருக்கேன்" என்றாள்.

இருந்தாள். நாகேந்திரனுக்குப் போன் செய்து, பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும்.

முத்தம்மாளின் கட்டிலுக்கு ஒருபக்கம் அவள், மறுபக்கம் கஜபதி. ஒவ்வொரு அரைமணிக்கும் சௌம்யா வந்து விரலில் குத்தினாள். எண் வரும்வரை இரண்டு பேரும் மெஷினையே பார்த்தார்கள். "எவ்ளோ?" என்பான். சௌம்யா சொல்லுவாள். நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியாது. சௌம்யாவைக் கேட்காமல் தேவிப்பிரியாவின் முகத்தைத்தான் பார்ப்பான். முகத்தை வைத்துத் தெரிந்துகொண்டான்.

முதல் இரண்டு தடவை ஏறியிருந்தது. மூன்றாவது தடவை பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. முத்தம்மாள் பேச்சின் நடுவே வார்த்தை தேடினாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியது. தேவிப்பிரியா எழுந்துவிட்டாள். "சௌம்யா, இன்னொரு டெக்ஸ்ட்ரோஸ்." அது உள்ளே போகிறவரைக்கும் முத்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஜபதியும் எழுந்து நின்றான். அந்தச் சில நிமிஷங்கள் அவளும் அவனும் ஒரே பயத்தில் இருந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமே தான்தான் என்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் இறங்கவில்லை. விளக்கு போட்ட பிறகு முத்தம்மாள் எழுந்து உட்கார்ந்து, ரசம் சாதம் வேண்டும் என்றாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். சுசீலாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்ததைத் தனியாகச் சரிசெய்தார்கள். அவளிடமும் தேவிப்பிரியா போய்ச் சொன்னாள். சுசீலா, "காத்து வரலன்னு எடம் மாறுனது நாந்தான்" என்றாள்.

"நீங்க எங்க வேணா படுக்கலாம்மா. ஆளைப் பாக்க வேண்டியது நான்தான்."

கடைசியாகப் பார்த்த எண்ணைக் கேட்டபிறகு கஜபதி, "போ" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் அவன் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தான். விசாரணை நடந்தது. தேவிப்பிரியா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஊசி, மருந்து எதையும் தனியாகக் கொடுக்கக்கூடாது, பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு உத்தரவு போட்டு, அவளை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலில் ஃபைல் தொங்கவிடுவதை நிறுத்தினார்கள். நோயாளியைக் கட்டில் மாற்றினால் நர்சிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று அஞ்சலைக்கும் மற்ற ஆயாக்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னார்கள். வேலை போகவில்லை. அதை நினைத்து நிம்மதிப்படவும் அவளால் முடியவில்லை. ஊசி ட்ரேயோடு ஒவ்வொரு கட்டிலிலும் நிற்பாள். பெயரைக் கேட்பாள், அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பாள், மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் படிப்பாள். படித்துவிட்டு நகர்ந்து, இரண்டடி போய், மறுபடி வந்து படிப்பாள்.

முத்தம்மாளை டிஸ்சார்ஜ் செய்த அன்று அவள் மாடியிலிருந்து ரத்த சாம்பிளோடு இறங்கிவந்துகொண்டிருந்தாள். சக்கர நாற்காலியில் முத்தம்மாள், பின்னால் கஜபதி. ஒதுங்கி நின்றுவிடப் பார்த்தாள். அதற்குள் முத்தம்மாள் கண்டுவிட்டாள்.

"ஏ பொண்ணு, இங்க வா. அன்னிக்கு பூரா எங்கிட்டயே குந்திகினு இருந்தியே. யாரு பெத்த பொண்ணோ. ஊட்டுக்கு வா ஒரு நாளு. பாரிவாக்கத்துல முத்தம்மா ஊடுன்னு கேளு."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கஜபதி நாற்காலியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் வந்தான். அம்மாவுக்குக் கேட்காது என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லல. தெரிஞ்சுதுனா, நாளைக்கு மூச்சு நின்னாலும் எந்த ஆஸ்பத்திரிக்கும் வராது. நீயும் சொல்லாத."

"சரிங்க."

"உன் மேல கோவம் போவல எனக்கு."

"தெரியுங்க."

அவன் திரும்பிப் போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தான். வெளியே சரிவுப் பாதையில் சக்கரம் வேகம் பிடிக்காமலிருக்க, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒவ்வொரு அடியாக இறக்கிக்கொண்டு போனான். முத்தம்மாள் வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் எதையோ உரக்க விசாரித்துக்கொண்டிருந்தாள்.